கவிழ்க்காத கீபோர்டு

என் மகள் சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறாளாம். வாங்க வேண்டிய சாமான்களை ஏதோ ஒரு வலைத்தளத்தில் வரிசையாகத் தட்டினாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை டிக் விழுந்தது. எது எதோடு சேரும் என்பதை அதுவே சொல்லிவிடுமாம். "அவ்ளோதாம்ப்பா" என்றாள். எனக்கு எங்கிருந்தோ இறால் வாசனை அடித்தது.

வாசனைக்குக் காரணம் உண்டு. எண்பதுகளின் கடைசியில் நானும் ஜாபரும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கம்ப்யூட்டர் உறுப்புகளை, ரயிலில் பொன்னேரிக்கும் பஸ்ஸில் பழவேற்காட்டுக்குமாக, ஏரியில் மீன்பிடித்த என் அப்பா, நைனாவின் இறால் கூடையில் வைத்துத்தான் கொண்டுவந்தோம். அந்தப் பெட்டி தன் ஆயுசு முழுக்க, சூடானால் இறால் வாசம் வீசியது.

ஜாபர் ஊரில் பழைய வியாபாரக் குடும்பத்துப் பையன். என்னோடு பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்தவன். இரண்டு பேரும் சேர்ந்து கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துவதாக ஏற்பாடு. ஆனால் துபாயிலிருந்து அவன் மாமா விசா அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை வகுப்பு தொடங்கினால் ஊரில் இரு, இல்லாவிட்டால் கிளம்பு என்று அவன் தகப்பனார் சொல்லிவிட்டார். அவனுக்குப் போக மனமில்லை. எனக்கும் அவனை விட மனமில்லை; அப்போது சொல்லவில்லை, இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

எது எதோடு சேரும் என்று பார்க்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, செருகிப் பார்ப்பது. நுழைந்தால் சேரும், நுழையாவிட்டால் சேராது. வலைக்கண்ணியை விரல் விட்டு அளக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இந்த விஞ்ஞானமே தாராளம். எல்லாம் நுழைந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சுவிட்சைப் போட்டோம். திரையில் பச்சை எழுத்து வந்தது. கீபோர்டு எர்ரர் என்றது. பிடுங்கிச் செருகினோம். மறுபடியும் அதையேதான் சொன்னது. ஜாபர் கீபோர்டைக் கையில் எடுத்து, அடியில் இன்னா இருக்குதுனு பார்ப்போம் என்று திருப்பப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கவுக்காத. நைனா ஏரில கீறாரு."

ஆம்பளைகள் தண்ணீரில் இருக்கும்போது எங்கள் வீட்டில் தட்டு, கூடை, குண்டான் எதையும் கவிழ்த்து வைக்க மாட்டோம். படகு கவிழ்ந்துவிடுமாம். கீபோர்டு இதில் சேர்த்தியா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஜாபர் அதை இருந்தபடியே கீழே வைத்தான். நைனா விடிந்துதான் கரையேறினார். அதற்குள் கீபோர்டே கெட்டது என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தோம்.

வெள்ளிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். எர்ரரைப் பார்த்தார்கள். சர்பத் குடித்தார்கள். போனார்கள். அடுத்த வாரம் ஜாபரும் போனான்.

பஸ் ஏறும்போது, "நல்ல கீபோர்டு கெடச்சா லெட்டர் போடுடா, வந்துடறேன்" என்றான்.

மூன்று மாதம் கழித்து, கீபோர்டில் சேர்ந்த மணலைத் தட்டலாமென்று, நைனா டீக்கடையில்தான் இருக்கிறார் என்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அதைக் கவிழ்த்தேன். அடியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் பழைய மாடல் மிஷினுக்கு, மறுபக்கம் தள்ளினால் புதுசுக்கு. எங்களுடையது பழைய மாடல். நகத்தால் தள்ளினேன். வேலை செய்தது. முதலில் ஜாபர் என்றுதான் தட்டினேன்.

அன்றைக்கே அவனுக்குக் கடிதம் எழுதினேன். மழை, முகத்துவாரம் அடைத்துக்கொண்டது, பொன்னேரி பஸ் நேரம் மாறியது எல்லாம் எழுதினேன். சுவிட்சைப் பற்றி எழுதவில்லை. எழுதியும் அவன் வராவிட்டால் என்ன செய்வது என்று பயம். இப்போது எழுதலாமென்றால் ஜாபர் உயிரோடு இல்லை.

நைனாவும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ஏரிக்குப் போக ஆள் கிடையாது. தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் இப்போது கழுவிக் கவிழ்த்துத்தான் வைக்கிறோம்.