ஆளைக் கண்டால் நிற்கும் படகு

விண்ணரசிக்கு நாற்பத்து நாலு வயது. அதில் பதினான்கு வருடம் இடுப்பளவு தண்ணீரில் கழிந்தது. தஞ்சாவூருக்குத் தெற்கே, புதிய குடியிருப்புகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்ட கோரைக்குளத்தில் ஆகாயத்தாமரை அள்ளிய எட்டுப் பெண்களில் அவளும் ஒருத்தி. காலில் சேற்றுப்புண், தொடையில் அட்டைக்கடி, முழங்கை வரை அரிப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள்.

அதனால், ஒப்பந்தம் எடுத்த கம்பெனி தானாக ஓடும் படகைக் கொண்டுவந்து இறக்கியபோது அவளுக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. முன்னால் அகலமான பெல்ட், மேலே சோலார் தகடு, இரண்டு பக்கமும் கேமரா. குளத்தின் வரைபடத்தை வைத்துத் தானே வழி பிடித்துப் போகும். களையை வாரி வந்து கரையில் கொட்டும். ஏழு பெண்களை நிறுத்திவிட்டார்கள். பத்தாவது படித்திருந்ததாலும் டேப்லெட்டைத் தொடப் பயப்படாததாலும் விண்ணரசியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். காலையில் படகைக் கிளப்ப வேண்டும், பெல்ட்டில் எதுவும் மாட்டினால் எடுத்துவிட வேண்டும். இரண்டு மாதத்தில் கால்புண் ஆறிவிட்டது. பழைய கூட்டாளி அமிர்தத்தைக் கடைத்தெருவில் பார்த்தால் மட்டும் பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

ஆடி மாதம் ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து குளம் ஏறியது. ஒரு வியாழக்கிழமை காலை, படகு கொட்டிய குவியலைக் கோலால் பரப்பிக்கொண்டிருந்தாள். தழைக்குள் பழுப்பாக ஏதோ பளபளத்தது. குனிந்து பார்த்தாள். நாலு முட்டைகள். மேலே கறுப்பு மையால் கிறுக்கினாற்போல் கோடுகள். ஒன்று உடைந்து, உள்ளே உருவம் பிடித்த குஞ்சு சுருண்டு கிடந்தது.

இலைக்கோழி முட்டை. மிதக்கும் இலை மேலேயே கூடு வைக்கும் பறவை. பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், சேவல்தான் அடைகாக்கும். கையால் அள்ளிய காலத்தில் கூடு கண்ணில் பட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு அப்பால் போய்விடுவார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை, எந்தத் தாளிலும் அது எழுதப்பட்டதில்லை. அதனால் படகுக்கும் யாரும் சொல்லவில்லை.

அவள் படகை நிறுத்தினாள். மீதி மூன்று முட்டைகளையும் ஒரு தழைக்கொத்தில் வைத்து ஏந்திக்கொண்டு, வடகிழக்கு மூலையில் களை அள்ளப்படாமல் இருந்த இடத்துக்கு நீந்தாத குறையாகப் போய் வைத்துவிட்டு வந்தாள். சேவல் ஒரு மணி நேரம் மேலே சுற்றியது. பிறகு இறங்கி, நீள நீளமான விரல்களை ஊன்றி நடந்து வந்து, முட்டைகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

போன் அடித்தது. சென்னையிலிருந்து படகைக் கவனிக்கும் இன்ஜினியர் வசிஷ்ட்.

"அக்கா, போட் ஏன் நிக்கிது? எரர் எதுவும் காட்டலயே."

"நான்தான் நிறுத்துனேன் சார். கூட்டோட முட்டைய அள்ளிடுச்சு."



"அதுக்குத் தெரியாதுக்கா. ஆளு, மாடு, பரிசல், இதெல்லாம் வந்தா நிக்கணும்னு கத்துக் குடுத்திருக்கோம். மத்தபடி பச்சையா மிதந்தா அதுக்குக் களைதான்."

"மீதி முட்டைய வடகிழக்கு மூலையில வச்சிருக்கேன். அந்த மூலைய மட்டும் ஒரு மாசம் விட்டுடச் சொல்லுங்க சார்."

"குளம் முழுக்க சுத்தம் பண்ணணும்னு ஒப்பந்தம். நானா மாத்த முடியாது. கேட்டுப் பாக்குறேன்."

மறுநாளும் வரைபடத்தில் அந்த மூலை இருந்தது. விண்ணரசி படகைக் கிளப்பவில்லை. மேற்பார்வையாளர் சிவசங்கரன் வந்து தானே கிளப்பினார். மாதக் கடைசிக்குள் வேலை முடிந்ததென்று காட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு.

படகு மூலையை நோக்கித் திரும்பியது. விண்ணரசி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, கூட்டுக்கு முன்னால் போய் நின்றாள். படகு பத்தடி தூரத்தில் நின்றது. வழிவிடச் சொல்லி அதன் ஒலிபெருக்கியில் பதிவு செய்த ஒரு பெண் குரல் மூன்று முறை பேசியது. பிறகு படகு திரும்பிப் போனது. அரை மணி கழித்து மறுபடி வந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மேல வாம்மா. வேல போயிடும்," என்றார் சிவசங்கரன்.

"போனாப் போவட்டும் சார். பொரிக்கிற வரைக்கும் நிக்கிறேன்."

நின்றாள். ஆறியிருந்த புண் மூன்றாம் நாளே வாய் திறந்தது. கணவர் சவரியப்பன் கொத்து வேலைக்குப் போகும் வழியில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்.

நாலாம் நாள் அமிர்தம் கரைக்கு வந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஏழு பேரையும் போகச் சொன்னப்ப நீ இப்படி நிக்கலயே."

"நிக்கல," என்றாள் விண்ணரசி. "நின்னிருக்கணும்."

அமிர்தம் போய்விட்டாள். மறுநாள் உச்சிப்பொழுதில் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். "போய்ச் சாப்ட்டு வா. நான் நிக்கிறேன்," என்றாள். அன்றிலிருந்து மத்தியானம் அவள் முறை.

ஒரே இடத்தில் நூறு தடவைக்கு மேல் ஆள் நிற்பதாகப் படகு பதிவு செய்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வசிஷ்ட் பன்னிரண்டாம் நாள் நேரிலேயே வந்தார். கரையில் நின்று சேவலைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். அடுத்த இரண்டு நாளில் கார்த்திகை வரை அந்த மூலைக்குப் படகு போகாதபடி உத்தரவு வந்தது.

ஆனால் மூலையைச் சுற்றியிருந்த தழை முழுவதையும் அதற்குள் படகு அள்ளிவிட்டதால் அலையைத் தடுக்க எதுவும் இல்லை. ஆடிக்காற்றில் ஒரு முட்டை நழுவித் தண்ணீருக்குள் போனது. ஒன்று கூமுட்டை. ஒன்றே ஒன்று பொரித்தது. உடம்பைவிடக் கால் பெரிதாக இருந்த அந்தக் குஞ்சு அன்றைக்கே இலை மேல் நடந்தது. ஐந்து நாள் கண்ணில் பட்டது. ஆறாம் நாள் சேவல் மட்டும் தனியே நின்றது.

மாதக் கடைசியில் விண்ணரசியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இப்போது கணவரோடு சித்தாள் வேலைக்குப் போகிறாள்.

ஒரு மாதம் கழித்து வசிஷ்ட் கூப்பிட்டார். கூடு எது, களை எது என்று படகுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், படகு எடுத்து வைத்திருக்கும் படங்களில் கூட்டைச் சுற்றி வட்டம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். "எங்க ஆளுங்களுக்குப் பாத்தாத் தெரியலக்கா."

படங்கள் போனுக்கு வந்தன. எல்லாம் படகு களையை வாருவதற்குச் சற்று முன் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது. அத்தனையும் அவள் கிளப்பிவிட்ட காலைகள். செங்கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்து, வட்டம் போட்டாள். இலைக்கோழி, தாழைக்கோழி, முக்குளிப்பான். சில படங்களில் சேவல் எழுந்திருக்காமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது. பதினேழு நாள் ஆயிற்று முடிக்க.

தை பிறந்ததும் வசிஷ்ட் பேசினார். படகு இப்போது கூட்டைக் கண்டால் நிற்கிறதாம். தேங்காய் மட்டை மிதந்தாலும் நின்றுவிடுகிறதாம், அதைச் சரிசெய்ய வேண்டுமாம்.

"நிக்கட்டும் சார்," என்றாள் விண்ணரசி. "அவசரப்பட்டு மாத்தாதீங்க."