வலது கொம்பு

எங்கள் சித்தப்பாவுக்குக் கையில் எது கிடைத்தாலும் பேனாவாகத்தான் தெரியும். தேங்காய்ச் சிரட்டை, வேப்பவேர், மாட்டுக்கொம்பு என்று எதையும் விடமாட்டார். கே.கே. நகர் வீட்டுக் கார் ஷெட்டில் இருந்த சின்னக் கடைசல் மெஷினில் ஏற்றிச் சுழலவிட்டு, உளியால் சீவிப் பேனாவாக்கிவிடுவார். கார் பாவம், தெருவில் நின்றது.

எனக்கும் ஒரு கொம்புப் பேனா தருவதாகச் சொல்லியிருந்தார். என் கையெழுத்தைப் பார்த்த வாத்தியார், "இது எந்தப் பாடம்னு மட்டும் சொல்லிட்டு உக்காரு" என்றிருந்தார். தப்பு கையில் இல்லை, பேனாவில்தான் என்பது என் கட்சி.

அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. அலங்காநல்லூர்ப் பக்கம் பெரியப்பா வளர்த்த ஜல்லிக்கட்டுக் காளையை, வாடிவாசல் தாண்டி ஓடிவந்ததும் பிடித்துக் கட்டக் கயிற்றோடு நின்றான் அண்ணன். அண்ணன் என்றால் சித்தப்பாவின் ஒரே மகன். காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். கூட்டத்தைக் கண்டு மிரண்ட எங்கள் காளை அவனையே குத்திவிட்டது. வலது கொம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோனது.

"வாயில்லாச் சீவன், ஆள் தெரியாமப் பண்ணிருச்சு" என்றார்கள். காளையை விற்கவில்லை. சித்தப்பா மெஷின்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டார். ஊர்ப்பக்கமே போகவில்லை.

ஆடியில் காளை வயிறு உப்பிச் செத்தது. புதுவேட்டி போர்த்தி, மாலை போட்டு, கொட்டடித்து, மனுசருக்குச் செய்வதுபோலவே எல்லாம் செய்தார்கள். பெண்கள் மாரடித்து அழுதார்கள். குழி தயாரானபோது சித்தப்பா வந்தார். கையில் மஞ்சப்பை.

"அண்ணே, வலது கொம்பு மட்டும் வேணும்."

பெரியப்பா துண்டை உதறினார். "என்னடா பேசுற? சாமி மாடு. கொறை வைக்காம முழு உடம்பாப் பொதைக்கணும்."

"எம்பயல முழுசாவாண்ணே பொதச்சோம்? ஆஸ்பத்திரில அறுத்துத் தச்சுத்தானே குடுத்தாக?"

கொட்டு நின்றுவிட்டது. இம்மாதிரி நேரங்களில் பேசுவதற்கென்றே பிறந்தவன் நான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்ச் சொன்னேன்: "பெரியப்பா, எனக்குப் பேனா செய்யத்தான் கேக்குறாரு. குடுத்துருங்க."

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட வாயை மூடினார்கள். அப்பா என் காதைப் பிடித்துத் தூக்க, நான் அரையடி வளர்ந்தேன்.

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. தம்பியையே பார்த்தார். பிறகு மஞ்சப்பைக்குள் கைவிட்டு ரம்பத்தை எடுத்து, காளையின் தலைமாட்டில் தானே உட்கார்ந்து அறுத்தார். என் பேச்சுத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று மாலையே வீடு திரும்பி, நான் பக்கத்தில் நிற்க, சித்தப்பா மெஷின்மேலிருந்த போர்வையை எடுத்தார். பச்சைக் கொம்பு வெடித்துவிடும், மாதக்கணக்கில் காயவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். அன்று காயவிடவில்லை. நிப்பையும் எடுத்துவைக்கவில்லை. முடி கருகிய நாற்றத்தோடு கறுப்புச் சுருள்கள் பறந்தன. கொம்பு என் கைக்கு வாகான பருமனுக்கு வந்தது.

"போதும் சித்தப்பா."

உளி நிற்கவில்லை. பென்சில் ஆனது. ரீஃபில் ஆனது. ஈர்க்குச்சியாகி ஒடிந்தது. ஒடிந்த துண்டையும் உப்புத்தாளில் வைத்துத் தேய்த்தார், தேய்க்க ஒன்றுமில்லாமல் போகும்வரை.

இத்தனை பெரிய தொழிலாளிக்கு இப்படிக் கை தவறிவிட்டதே என்று எனக்கு இரக்கமாகிவிட்டது. "விடுங்க சித்தப்பா," என்றேன். "பெரியப்பா வேற கன்னு வாங்குவாருல்ல. அதுவும் ஒருநா சாகும்."

விளக்குமாறோடு சித்தி வந்து வாசலில் நின்றாள். தரையெல்லாம் தூள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

பேனாவே இல்லாமல் என்ன முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கேயாவது விழுந்திருக்குமோ என்று மெஷினுக்கு அடியில் குனிந்து தேடினேன்.