வட்டகொடைக்கு ஒரு புள்ளிக்கோடு

மேனேஜராகப் புதிதாக வந்த துரை, எங்கள் தோட்டத்திலிருந்து வட்டகொடை ஸ்டேஷனுக்கு இறங்கும் குறுக்குப்பாதையைக் கம்பி கட்டி அடைத்துவிட்டார். தேயிலைக்கு நடுவே ஆட்கள் நடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ரோட்டு வழியாகச் சுற்றினால் காலை ரயில் கிடைக்காது. ரயில் கிடைக்காவிட்டால் என் மனைவியின் டீச்சர் வேலை போய்விடும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நானோ அதே துரையின் ஆபீசில் சின்னக் கிளாக்கர். வாயைத் திறக்க முடியுமா?

அந்த வாரம் ஆபீஸ் அலமாரியில் கறையான் ஏறியது. எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது, துணியில் ஒட்டிய பழைய நில அளவைப் படம் ஒன்று அகப்பட்டது. அந்த மலையில் தேயிலை நடுவதற்கு முந்தையது என்றார் பெரிய கிளாக்கர். எங்கள் குறுக்குப்பாதை அதில் இருந்தால் துரையிடம் காட்டலாமே என்று, கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

நானும் மனைவியும் அதைத் தரையில் விரித்தோம். ஊர்ப்பெயர்களில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. எங்களுக்கு மேலே என்றால் மலையுச்சி, கீழே என்றால் ஆறு. மேல் கணக்கு, கீழ் கணக்கு என்று தோட்டத்தையே அப்படித்தான் பிரித்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் தாளின் மேல் விளிம்பில் மேல் கணக்கைத் தேடினேன். ஒன்றும் பொருந்தவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங்க, ரயில் பாதை நம்ம மலைக்கு மேலயா ஓடுது?" என்றாள் அவள்.

தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பினாள். ஆறு, ஸ்டேஷன், மலை எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. "இங்க மேட்டுக் கோடுங்க நெருங்கி வருது பாருங்க. திரும்பி வர்றப்ப இங்கதான் எனக்கு மூச்சு வாங்கும்." அவள் விரலுக்கடியில் ஒரு புள்ளிக்கோடு நேரே ஸ்டேஷனுக்கு இறங்கியது. சந்தோஷம் தாங்காமல் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

மறுநாள் துரையின் முன்னால் போய் நின்றோம். படத்தை விரித்தவள் அவள்தான். துரை புள்ளிக்கோட்டின் மேல் இரண்டு தடவை விரலை ஓட்டினார்.

"தேயிலைக்கு முந்தியே இந்தப் பாதை இருக்கு. சரி, உன் சம்சாரம் மட்டும் போகலாம்."

எனக்கு அதுவே போதும். கும்பிட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அவள் நகரவில்லை.

"நான் பொறக்கறதுக்கு முந்தியே போட்ட கோடுங்க தொரை. எனக்குன்னு போட்டதில்லையே."

துரை படத்தை மடித்தார். என் வேலையும் போயிற்று என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் விடிந்தபோது கம்பியை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டிருந்த ஒருத்தியை முதலில் இறங்கவிட்டு, அவள் பின்னால் என் மனைவி ரயிலுக்கு ஓடினாள்.