ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யார்?

போன ஞாயிறு கொரட்டூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். அதற்குக் காரணம் நான் போட்ட ஒரு பட்டியல்.

நான் அரசாங்க உத்தியோகஸ்தன் என்பது உங்களுக்குத் தெரியும். மின்சாரத் தட்டுப்பாடும் தெரியும் — மெழுகுவர்த்தி வாங்காத வீடு உண்டா? எல்லாத் தொழிற்சாலைகளும் ஞாயிறு மட்டும் மூடினால் மற்ற நாட்களில் கரண்ட் போதாது. அதனால் விடுமுறையை வாரம் முழுக்கப் பிரித்துவிட முடிவாயிற்று. அம்பத்தூருக்குத் திட்டம் தயாரித்தவன் நான்தான். எந்தக் கம்பெனி, எத்தனை குதிரைசக்தி மோட்டார், என்ன கிழமை லீவு... கனகச்சிதம்! மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க, இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிறு, தொழிற்பேட்டைக்குப் போனேன். ஸ்விட்ச் செய்யும் கம்பெனி. சாப்பாட்டு நேரம். "ஏதாவது குறை உண்டா?" என்றேன்.

சரோஜா என்ற பெண் எழுந்தாள். கொரட்டூர்க்காரி. கணவன் ஏகாம்பரத்துக்குப் பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் வேலை.

"எனுக்கு செவ்வாக்கெயம லீவு, அவுருக்கு வெள்ளிக்கெயம சார்."

"ரெண்டு பேருக்கும் ஒரே நாளா மாத்திடறேம்மா" என்றேன் பெருந்தன்மையாக.

"இன்னா சார் நீ! ஒரே நாளு யாரு கேட்டா? இஸ்கோலு லீவு ஞாயித்துக்கெயம. அன்னிக்கு ஒருத்தராச்சும் ஊட்ல இருக்கணும். கொயந்தய உள்ளாற உட்டு பூட்டிகினு வந்துகீறேன். ஆறு வயசு பொண்ணு சார்..."

மேனேஜரிடம் சொல்லி அவளை உடனே வீட்டுக்கு அனுப்பவைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு?

மேலதிகாரியிடம் போனேன். "மோட்டாருக்குக் கணக்குப் போடலாம். குழந்தைக்கெல்லாம் போட முடியுமாய்யா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது... அதுதான் உறுத்தியது. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அதே அளவு கரண்ட் இழுக்கும் இன்னொரு பட்டறை தன் லீவு நாளை ஏகாம்பரத்தின் பட்டறையோடு மாற்றிக்கொண்டால் ஆட்சேபணை இல்லை.

பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். ஒன்பதாவது பட்டறையில் அதே அளவு மோட்டார், ஞாயிறு லீவு. அங்கே எல்லோரும் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிரம்மச்சாரிகள்.

"வெள்ளிக்கெயமன்னா புதுப் படம் மொத நாளே பாக்கலாம் அண்ணாத்தே!" என்றான் ஒருவன்.

முதலாளியும் சம்மதித்தார். ஏகாம்பரத்துக்கு ஞாயிறு கிடைத்தது.

அதைப் பார்க்கத்தான் போன வாரம் போனேன். கதவு திறந்திருந்தது. ஏகாம்பரம் கரண்டியும் கையுமாக நின்றார். அவரைச் சுற்றி ஏழு குழந்தைகள்! அவருடையது ஒன்று, மற்றவை தெருவில் உள்ளவை. அந்த வீடுகளிலும் அப்பா அம்மா இருவருமே வேலைக்குப் போயிருந்தார்கள்.

"பூட்டுன ஊட்ல அதுங்க அய்துகினு கீது. எப்டி சார் கேட்டுகினு இருக்கறது? அதான் எல்லாத்தையும் கூட்டியாந்துட்டேன்" என்றார். சாதத்தைக் கிளறிவிட்டுக் கேட்டார்: "எனுக்கு அந்த வெள்ளிக்கெயமயே திருப்பிக் குடுத்துடேன் சார்?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் சிரிக்கவில்லை — ஒவ்வொரு குழந்தையிடமும் வீட்டு நம்பரும் அப்பா அம்மாவின் கம்பெனியும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.