குடி வருகிறவர்களுக்கு அரைத்த மிளகாய்

ஆனைமலையில் நடந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. நான் லேசில் ஆடிப்போகிறவள் இல்லை. சூலூரில் மளிகைக் கடை வைத்து, எப்பேர்ப்பட்ட ஆளையும் முகத்துக்கு நேரே பேசி அனுப்புகிறவள். அந்த என்னையே ஆடிப்போக வைத்தாள் மோகனப்பிரியா.

மோகனா என் தம்பி கிருபாசங்கரின் மனைவி. நாத்தனாரான என்னை எங்கள் பக்கத்து வழக்கப்படி ‘நங்கையா’ என்று கூப்பிடுவாள். சோமனூரில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்து, அதே ஊரில் தறி ஓட்டுகிற எங்கள் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள். சாது என்று சொல்ல மாட்டேன். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவள் மெதுவாகச் சொல்கிற ரகசியம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். ஆனால் ஒருவர் சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளால் முடியாது. விசேஷ வீட்டுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவாள். பார்த்தால் பாத்திரம் கழுவுகிறவளை நகரச் சொல்லிவிட்டு இவள் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருப்பாள். கூடப் போன எனக்கு மானம் போகும்.

தம்பிக்கு மூச்சுத் திணறல். இருபது வருஷமாக உள்ளே போன பஞ்சுத் தூசி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மருந்து கொடுக்கிறேன், ஆனால் இந்தத் தூசியை விட்டு வெளியேறாவிட்டால் மருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தறியை விற்றார்கள். விற்று என்ன செய்ய? எதிர் வீட்டில் தறி, பக்கத்து வீட்டில் தறி. சன்னலைச் சாத்தினாலும் தூசி வந்தது. நல்லவேளையாக சிங்காநல்லூரில் ஒரு பம்ப் ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. அங்கேயே குடிபோய்விடலாம் என்று வீடு தேட ஆரம்பித்தோம்.

தேடின பிறகுதான் சிங்காநல்லூர் என்ன ஆகிக்கிடக்கிறது என்று தெரிந்தது. நாங்கள் வீடு பார்த்தது, எப்போதோ மூடிப்போன ஒரு மில்லின் பின்னால் தொழிலாளிகளுக்காகக் கட்டின வரிசை வீடுகள் கொண்ட சந்தில். முன்பெல்லாம் அந்தச் சந்துக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். இப்போது மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. வரிசை வீடுகளை ஒவ்வொன்றாக ஐ.டி. வேலைக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். சைக்கிள் கடை காபி ஷாப் ஆகிவிட்டது. காரை பெயர்ந்த ஒரு சுவரைப் பூசாமல் அப்படியே விட்டு, அதற்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்முன் நின்று போட்டோ எடுக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவர் அப்படி இருந்தபோது சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

விலையெல்லாம் எட்டாத உயரம். ஒரே ஒரு வீடு மட்டும் எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. காரணம், உள்ளே ஒருத்தர் வாடகைக்கு இருந்தார். காலி செய்ய வைப்பது தன் பொறுப்பு என்றார் வீட்டுக்காரர். ஆனால் அதற்கு நாளாகும், அதனால்தான் அந்த விலைக் குறைப்பு.

உள்ளே இருந்தவர் அம்புஜம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அறுபதை நெருங்கின வயது. அவருடைய கணவர் கண்ணையா அந்த மில்லில் பிட்டராக இருந்தவராம், காலமாகிவிட்டார். அம்புஜம் அந்தச் சந்துக்கு அக்கம்பக்கத்தில் உள்ள ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்து ஜீவனம் செய்துகொண்டிருந்தார். வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்று தெரிந்தும் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். தம்பி இருமினதைப் பார்த்து அவனை எழுப்பி, பின்பக்க சன்னலோரம் உட்கார வைத்தார். இந்த ரூமில் படுத்தால் காற்று நன்றாக வரும் என்றும், குழாயில் தண்ணீர் காலையில்தான் வேகமாக வரும் என்றும் சொல்லிக் கொடுத்தார். இப்படிப்பட்ட மனுஷியைப் பார்த்ததில்லை என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் மோகனா முகம் வாடிவிட்டது. அந்தம்மா எங்கே போவார் என்று கேட்டாள். பக்கத்தில் எங்கும் வாடகை கட்டுப்படியாகாது, தூரமாகப் போனால் சாப்பாட்டுக்கு ஆள் வராது என்று அம்புஜம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அது வீட்டுக்காரர் தலைவலி, ஊரில் உள்ளவர்கள் கஷ்டத்தையெல்லாம் நீ சுமக்காதே, முதலில் உன் புருஷன் மூச்சைப் பார் என்று நான்தான் அதட்டினேன். வாங்கச் சொல்லி விடாமல் பிடித்துத் தள்ளினதும் நான்தான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பத்திர நகலை மாசாணியம்மன் காலடியில் வைத்து வாங்கிவிடலாம் என்று நானும் மோகனாவும் ஒரு வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குப் போனோம். மாசாணி படுத்த நிலையில் இருக்கிற அம்மன். தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் அங்கே வந்து மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போவார்கள். அநியாயம் செய்தவனை அம்மன் பார்த்துக்கொள்வாள். யாருக்காக அரைக்கிறாய் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது.

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், ஆட்டுக்கல் பக்கத்தில் அம்புஜம். மிளகாய் நெடியில் கண் சிவந்து, இருமிக்கொண்டு, குழவியைச் சுற்ற முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரருக்குத்தான் அரைக்கிறார் என்று எனக்குப் பட்டது. பார்க்காத மாதிரி நகர்ந்துவிடலாம் என்று மோகனா கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எங்கே நகர்ந்தாள்? அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

“உடுங்க, நான் அரைச்சுத் தாரேன்” என்றாள்.

அம்புஜம் வேண்டாம் என்றார். கையைத் தட்டிவிட்டார். நீங்கள் அரைக்கக் கூடாது அம்மணி, சொன்னால் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதை யார் உண்மையென்று எடுத்துக்கொள்கிறார்கள்? விருந்துக்குக் கூப்பிட்டாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். மோகனா அதை மரியாதைக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டாள். குழவியைப் பிடுங்கி வாங்கி, தறிக்காரியின் கையல்லவா, மைபோல அரைத்து வழித்துக் கொடுத்துவிட்டாள். அம்புஜம் அதை வாங்கிக்கொண்டு போய் நீதிக்கல்லில் பூசினார்.

திரும்பி வந்து குழாயில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“ஊட்டுக்காரர் மேல எனக்குக் கோவமில்லீங்க. அவரு பொருளு, அவரு விக்கறாரு. அந்த ஊட்டுக்குக் குடி வாரவங்க ஒரு நாளும் நிம்மதியாத் தூங்கக் கூடாதுன்னுதானுங்க வேண்டிக்கிட்டேன். நீங்க வரலீன்னா உங்களை ஒண்ணும் பண்ணாதுங்க.”

சாபத்தைக்கூட இத்தனை ‘ங்க’ போட்டுச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மோகனா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்குத் தானே மிளகாய் அரைத்துக்கொண்ட மனுஷியை அந்தக் கோயில் இதற்கு முன்னால் பார்த்திருக்குமா? மோரில் நனைத்தும் எண்ணெய் தடவியும் ஊர் வந்து சேருகிற வரைக்கும் அவள் கை எரிச்சல் அடங்கவில்லை.

வாங்கச் சொல்லிப் பிடித்துத் தள்ளின நானே, இப்போது வேண்டவே வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். வேறு இடம் பார்க்கலாம், சூலூரில் எங்கள் வீட்டு மாடியில் வந்து இருங்கள் என்று கெஞ்சினேன். எங்கள் தெருவிலும் நாலு தறி ஓடுவது அவளுக்குத் தெரியாதா? தம்பியிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அந்த வாரம் இழுப்பு அதிகமாகி, உட்கார்ந்தபடியேதான் தூங்கினான். நாம் விட்டால் வேறு யாராவது அந்த வீட்டுக்கு வரத்தான் போகிறார்கள், அம்புஜம் எப்படியும் வெளியேதான் போகப்போகிறார், உங்கள் தம்பி மட்டும் தூசியில் கிடப்பார் என்றாள் மோகனா. சரி, நேரில் போய்க் கேட்போம், அந்தம்மா மனசு இறங்கி வேண்டுதலை எடுத்துவிட்டால் வாங்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. தம்பியின் மூச்சு அந்தம்மா வாயில் இருந்தது.

போனோம். இந்தத் தடவையும் காபி கொடுத்தார். மோகனா எதையும் ஒளிக்கவில்லை. புருஷன் நிலைமையைச் சொன்னாள். தெரியாமல் அரைத்துவிட்டேன், கோபத்தை விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டாள். அம்புஜம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“அரைக்க அரைக்கக் கோவம் எறங்கீரும்னு எங்கம்மா சொல்லுமுங்க. நானும் அதுக்குத்தான் அவ்வளவு தூரம் போனேன். நீங்க வாங்கி அரைச்சுபோட்டீங்க. எங்கோவம் அப்படியே நிக்குதுங்க. நான் எப்படி உடறது?”

எழுந்துவிடலாம் என்று நான் பையை எடுத்தேன். வீடு கைவிட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மோகனா எழவில்லை. வழக்கமான உரத்த குரல் அவளிடமிருந்து வரவில்லை, மெதுவாகத்தான் பேசினாள்.

“அப்ப வாங்க, மறுக்காப் போலாம். நீங்களே அரைங்க. எம்பேரச் சொல்லியே அரைங்க. நாங்க இந்த ஊட்டுக்கு வாரோம்.”

பைத்தியமா பிடித்திருக்கிறது இவளுக்கு என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அம்புஜம் அதிர்ந்துபோன மாதிரி தெரியவில்லை. எந்தக் கிழமை சௌகரியம் என்று கேட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போனோம். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்தோம். நடுவில் நான். இதென்ன கூத்து என்று எனக்குள்ளேயே புலம்பிக்கொண்டு போனேன். கோயில் வாசலில் மிளகாய் வாங்கினது மோகனா. ஆட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்து விட்டதும் அவள்தான். அம்புஜம் உட்கார்ந்து அரைத்தார். மோகனப்பிரியா என்று பெயர் சொல்லி அரைத்தார். பாதியில் நிறுத்திவிடுவார், அழுவார், போதும் அம்மணி என்று கட்டிக்கொள்வார் என்றெல்லாம் நான் காத்திருந்தேன். நிறுத்தவில்லை. இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், திரும்ப அரைத்தார். ஒரு விதை மிச்சமில்லாமல் அரைத்து, வழித்து, நீதிக்கல்லில் இடம் விடாமல் பூசினார். நான் மோகனாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடவில்லை. முழுசாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டை வாங்கிவிட்டார்கள். அம்புஜம் தன் அக்கா மகன் வீட்டுக்குப் போய்விட்டார். சாப்பாட்டு வேலை நின்றுபோயிற்று. தம்பிக்கு இப்போது மூச்சு சீராக இருக்கிறது. பின்பக்க சன்னலோரம் படுத்து நன்றாகத் தூங்குகிறான். மோகனாவுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. போன் அடித்தால் திடுக்கிடுகிறாள். அவன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரத் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறாள். போன வாரம் போயிருந்தபோது கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. முதலில் நீ அரைத்தது தெரியாமல் செய்தது, அம்மன் அதை மன்னித்திருப்பாள், அந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அரைக்க வைத்தாயே, அதனால் உனக்கு என்ன கிடைத்தது என்று சத்தம் போட்டேன். அவள் சொன்னாள்.

“நம்மளால அவங்களுக்கு ஊடு போச்சு, நங்கையா. கோவமாவது எறங்கோணுமல்லோ. அன்னைக்கு நல்லா அரைச்சாங்க. இனி அவங்க தூங்குவாங்க.”