நரிக்குப் பல்வலி வந்த இடம்

செய்தி வந்த நேரம் காலை பத்து ஐம்பது. அவனுக்கு அது எட்டியபோது பதினொன்றரை. இடைப்பட்ட நாற்பது நிமிடத்தில் பெரும்பகுதியும் அவன் ஓர் ஒன்பது மாடிக் கட்டடத்தின் அடியில், லிஃப்ட் குழிக்குள் குந்திப் பழைய கிரீஸை வழித்துக்கொண்டிருந்தான். அந்த ஆழத்துக்குச் செல்போன் சிக்னல் இறங்காது. வேலையை முடித்து, லிஃப்டை ஓட்டத்துக்கு விட்டு, உள்ளே நின்று பொத்தான் பலகையின் மூடியைப் பொருத்தினான். நாலு திருகில் இரண்டை முடுக்கியிருந்தபோது மேலே யாரோ லிஃப்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏறியவர்களோடு இறங்கி, தரைத்தளத்தில் கதவு திறந்ததும் சட்டைப்பையில் போன் துடித்தது. மாமனார் ஆறு முறை அழைத்திருந்தார். ஏழாவது அழைப்பை எடுத்தான்.

அவன் மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மேசைமீதே சாய்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்கசிவு. வயது முப்பது. அவன் டாக்சியில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காசு எடுக்கக் கையை விரித்தபோதுதான் மீதி இரண்டு திருகுகளும் உள்ளங்கையிலேயே இருந்தது தெரிந்தது.

கம்பெனியில் அவனுக்கு ‘அஞ்சாம் மாடி’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டு, கையில் கொடுத்துவிட்டிருந்த மேலாளரின் சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்ததால் வந்த பெயர். அதிகம் பேசமாட்டான். வீட்டில் பேச்செல்லாம் மனைவியும் ஐந்து வயது மகள் குட்டியும்தான். மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது மனைவியின் பொறுப்பு. அவன் ஆறரைக்கே கிளம்பிவிடுவான்.

மூன்று வாரம் கழித்து, மேலாளரிடம் சொல்லி வேலை நேரத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு, முதன்முறையாகக் குட்டியின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு நடந்தான். தெருமுனை மருந்துக்கடைப் படியருகே அவள் நின்றுவிட்டாள்.

“இங்கதான் நரிக்குப் பல்வலி வந்துச்சு” என்றாள். பிறகு அவன் முகத்தையே பார்த்தாள்.

“சரி, வா, நேரமாச்சு.”

அவள் அசையவில்லை. தாய் சொல்லிவந்த கதை போலிருக்கிறது, மீதியை நாம் சொல்ல வேண்டும்போல என்று அவன் நினைத்தான். “நரி டாக்டர்கிட்ட போச்சு. டாக்டர் பல்லைப் பிடுங்கிட்டாரு.”

“இல்ல. தப்பாச் சொல்ற.” அவள் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

முதல் நாள் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் நரியை ஊருக்கு அனுப்பிப் பார்த்தான், அதற்கு அடுத்த நாள் கல்யாணமே செய்துவைத்தான். எதுவும் எடுபடவில்லை. குட்டி தினமும் தாமதமாக வருகிறாள் என்று பள்ளியிலிருந்து மாமனார் வீட்டுக்குப் போன் போயிற்று. மனைவி எழுதிக் கொடுத்திருந்த அவசர எண் அதுதான்.

மாமனார் அன்று மாலையே வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

“குழந்தைய எங்ககிட்ட விடுங்க மாப்பிள்ளை. உங்க அத்தை அங்க ஒரு ரூமையே ஒழிச்சிட்டு இருக்கா.”

“ஒரு வாரம் பார்க்கலாம் மாமா.”

“என்னத்தப் பார்க்கிறது? ஆறு தடவ அடிச்சேன், அன்னைக்கே எடுக்கல நீங்க. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல குழந்தைக்கு ஒண்ணுன்னு கூப்பிட்டா?”

அவன் குனிந்து, வாசலில் கிடந்த குட்டியின் செருப்பை ஓரமாக வைத்தான்.

“வர்ற திங்கக்கிழமை நானே கூட வரேன். பொண்ணு தன் கால்ல நடந்து, மணி அடிக்கறதுக்குள்ள உள்ள போகட்டும். இல்லன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்.”

லிஃப்டில் ஏதோ சத்தம் என்றால் அவன் உடனே எதையும் கழற்றமாட்டான். அதில் ஏறி இறங்குகிறவர்களிடம்தான் முதலில் கேட்பான்: எந்த மாடியில் கேட்கிறது, ஏறும்போதா இறங்கும்போதா? பாதிக் கோளாறு அதிலேயே பிடிபட்டுவிடும். இதையும் அப்படியே தொடங்கினான். கோளாறு குறிக்கும் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, இடம் என்று ஒரு பத்தியும் கேட்டது என்று ஒரு பத்தியும் கோடு போட்டான்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார். “நரி வந்துச்சுங்க. சீட்டு இல்லாம மாத்திரை கேட்டுச்சாம், நான் தரமாட்டேன்னுட்டேனாம். நல்ல வேளை, சட்டப்படிதான் நடந்திருக்கேன்.”

“அப்புறம் நரி எங்க போச்சு?”

“அது எனக்குத் தெரியாது. என் கடையத் தாண்டினா என் கட்டுப்பாட்டுல இல்ல.”

அவன் எழுதிக்கொண்டான். மனைவியோடு ஆறு வருடம் குடித்தனம் செய்திருக்கிறான். காலையில் இந்தத் தெருவில் இப்படி ஒரு நரி போய்வருவது அவனுக்குத் தெரியாது. வேறு என்னென்ன தெரியாதோ என்ற ஆவல் அவனை அடுத்த கடைக்குத் தள்ளியது.

அடுத்தது தையல்கடை. தையல்கார அக்கா வாயில் ஊசியை வைத்துக்கொண்டே பேசினார். “வலிக்குத் தாடையில கட்ட அந்த நரி என்கிட்டதான் துணி கேட்டுச்சு. அளவெடுத்தேனாம். காதை உள்ள விடறதா வெளிய விடறதான்னு ரெண்டு நாள் இந்த வாசல்ல ஒரே சண்டை.”

“அக்கா, அவ எப்படிச் சொல்லுவா? குரல மாத்திச் சொல்லுவாளா? நான் சொன்னா குட்டி ஒத்துக்க மாட்டேங்குறா.”

அக்கா ஊசியை எடுத்துத் துணியில் குத்திவைத்தார். “யாரு, உங்க வீட்டுக்காரியா? அவ எங்க தம்பி சொன்னா? சொன்னதெல்லாம் உங்க பொண்ணு. அம்மாக்காரி பையைத் தூக்கிக்கிட்டு நிப்பா. ‘அப்புறம்?’னு கேப்பா. அவ்வளவுதான். ஒரு நாள் நானே கேட்டேன், முழுநாளும் பிழை திருத்துறியே, இந்தக் கதையில ஒரு பிழையும் உன் கண்ணுல படலயான்னு. சிரிச்சா.”

அவன் நோட்டை மூடினான். வெளியே வந்து மருந்துக்கடைப் படிவரை நடந்து, அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை மாமனார் ஏழரைக்கே வந்து கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். மூவரும் நடந்தார்கள். படியருகே குட்டி நின்றாள்.

“இங்கதான் நரிக்குப் பல்வலி வந்துச்சு.”

அவன் அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். “அப்புறம்?”

அவள் அண்ணாந்து பார்த்தாள். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்புறம்… மருந்துக்கடை மாமா மாத்திரை தரல. அதனால நரி அழுதுச்சு. ஆனா சத்தமா அழல.” ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“அப்புறம்?”

“வலிக்கிற பல்ல விட்டுட்டு மத்த பல்லால சாப்பிட்டுச்சு.”

“எந்தப் பக்கம் வலி?” என்றார் மாமனார், தன்னையறியாமல்.

“குறுக்கப் பேசாத தாத்தா. இடது பக்கம்.”

“மேலயா கீழயா?”

“தாத்தா!”

தையல்கடையைத் தாண்டினார்கள். நரி இன்று வீட்டுக்குப் போகவில்லை, பாலத்தின் அடியில் புதிதாக யாரையோ சந்தித்தது. பள்ளி வாசலில் மணி அடிக்க நாலு நிமிடம் இருந்தது. குட்டி பையை வாங்கிக்கொண்டு, “மீதி நாளைக்கு” என்று உள்ளே போனாள்.

மாமனார் வீட்டுக்குப் போன் போட்டார். “ஆமா, போயிட்டா. நடந்துதான். அந்த ரூமை ஒழிக்க வேணாம். கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை நாமளே இங்க வந்துருவோம்.” போனை வைத்துவிட்டு அவனோடு சேர்ந்து நடந்தார். மருந்துக்கடைப் படி வந்ததும் நின்றுவிட்டார். அவன் முகத்தைப் பார்த்தார்.

“அன்னைக்கு லிஃப்ட் குழிக்குள்ள இருந்தேன் மாமா. அங்க சிக்னல் வராது.”

அவர் அசையவில்லை. அவன் யாரிடமும் சொல்லாத அந்த நாற்பது நிமிடத்தைச் சொன்னான். கிரீஸ் காய்ந்திருந்தது, வழிக்க நேரமானது, நடுவில் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தது, மூடி, இரண்டு திருகு, கதவு திறந்தது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மீதி ரெண்டு திருகு?”

“போடல மாமா.”

அந்தக் கட்டடத்துக்கு இந்த மாதம் வேறு ஆளைத்தான் அனுப்பினார்கள். குழியைப் பார்த்துவிட்டு வந்த அந்த ஆள் பலகையைக் கவனிக்கவில்லை. மூடி இன்னும் இரண்டு திருகில்தான் நிற்கிறது. மற்ற இரண்டும் இவன் கருவிப்பையின் பக்க அறையில் கிடக்கின்றன.