கேட்டுக்கு வெளியே இருபது டாலர்

என் மனைவி பின்னிக்கொண்டிருந்த ஒயர் கூடை பாதியில் நிற்கிறது. அதற்கு அவள் மாதிரியாக வைத்திருந்தது நியூசிலாந்தின் இருபது டாலர் நோட்டு. அங்கே வேலை பார்க்கும் மகன் கொடுத்தது. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் தங்கள் பொதுக்கூடத்துச் சுவருக்காகப் பின்னும் தட்டியின் வடிவம் அதில் அச்சாகியிருக்கிறது. படிப்படியாக ஏறும் கட்டங்கள். வானத்துக்குப் போகும் படி என்று மகன் விளக்கினான். நோட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துப் பதினோரு வரிசை முடித்திருந்தாள். எண்ணியது நான். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது.

கோமுகி ஆற்றங்கரையில் வாய்க்கரிசி போடும்போது எல்லோரும் காசு போட்டார்கள். மகன் அந்த நோட்டை அவள் மார்மேல் வைத்துவிட்டான். அம்மாவுக்குப் பிடித்தது என்றான். அங்கே விழுவதெல்லாம் சிதை அடுக்குகிறவருக்குச் சேரும்.

கருமாதி முடிந்து மகன் விமானம் ஏறிய பிறகு அவர் வந்தார். கேட்டைத் தாண்டவில்லை. நோட்டை யாரும் மாற்றித் தரவில்லையாம். பிள்ளைகள் விளையாடுகிற நோட்டா என்று கடைக்காரர் சிரித்தாராம். நான் ரூபாயைக் கொடுத்துவிட்டு நோட்டுக்குக் கை நீட்டினேன். அவர் பின்வாங்கினார்.

"அம்மா மேல வெச்சதுங்க சார். வூட்டுக்குள்ள போவக் கூடாது."

"கூடை பாதியில நிக்குதுப்பா. இதப் பாத்தாத்தான் முடிக்க முடியும்."

"அப்ப கூடைய எடுத்துக்கினு வந்து தெருவுல குந்திப் பின்னுங்க" என்று சிரித்தார்.

அவர் கேலியாகச் சொன்னதைத்தான் செய்தேன். வெளியே நிற்கும் புங்கமரத்தில் அவரையே நோட்டை ஆணியடித்து மாட்டச் சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று தெருவுக்கே தெரியும். ஒருவரும் தொடவில்லை.

தினமும் கல்வராயன் மலை கறுக்கும் நேரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதைப் பார்த்து ஒரு வரிசை பின்னுவேன். என் முடிச்சுகள் தொளதொளவென்று இருக்கும். அவள் பல்லால் கடித்து இழுப்பாள். எனக்குக் கடிக்கப் பல் இல்லை.

காலையில் பார்த்தால் முந்தின நாள் வரிசை இறுகியிருக்கிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை. முதலில் பயந்தேன். இப்போது, என்னை அறியாமல், காலைக்காகக் காத்திருக்கிறேன்.

நேற்று கணக்குப் பார்த்தேன். உச்சிப் படிக்கு இன்னும் ஒரு வரிசைதான். இன்று நாற்காலியை வெளியே எடுக்கவில்லை.